எட்டுக்கு எட்டு

சிவப்புக் கோடு வளைஞ்சிருந்துச்சு. விடைத்தாளோட எடது ஓரத்துல மேலருந்து கீழ வரைக்கும் மிஷின் அடிச்ச கோடு, அது எப்படி வளையும், ஆனா வளைஞ்சிருந்துச்சு, பக்கத்துக்கு நடுவுல வந்ததும் தண்ணிக்குள்ள முங்கின குச்சி மாதிரி ஒரு நெளி நெளிஞ்சுட்டு, அப்புறம் நான் ஒண்ணுமே பண்ணலியேங்கிற மூஞ்சியோட நேராக் கீழ எறங்கிருச்சு. ராஜகனி டீச்சர் பேப்பர மேல தள்ளிப் பாத்தா. கோடு மேல போச்சு, நெளிவு போகல. நெளிவு அவ பாக்குற எடத்துலயே நின்னுச்சு. சனியன், காலையில இருந்து இதே பொழப்பு, கண்ணாடியக் கழட்டி முந்தானையில தொடச்சு மாட்டினா அதே நெளிவு, இந்தக் கண்ணாடி போன தீவாளிக்கு மாத்துனது, அதுக்கு முந்துனது அந்த வருஷப் பொங்கலுக்கு, ரெண்டு வருஷத்துல மூணு கண்ணாடி, கடைக்காரன் பவர் ஏறிருச்சு பவர் ஏறிருச்சுங்கிறான், ஏறட்டும், நாட்டுல எதுதான் ஏறல. பத்தாங்கிளாஸ் சமூக அறிவியல் பேப்பர் திருத்துற முகாம், விருதுநகர்ல ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹாலு, ஏப்ரல் மாசம், தலைக்கு மேல ஃபேன் காத்த விடச் சத்தத்தத்தான் நெறைய விடுது. காலையில பதினஞ்சு, மத்தியானம் பதினஞ்சு, ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது பேப்பர். இது மூணாம் நாள் மத்தியானம். எட்டு முடிஞ்சு ஒம்பதாவது கையில இருக்கு. ஆகமொத்தம் எண்பத்தி மூணு புள்ளைங்களுக்கு மார்க் போட்டாச்சு, எண்பத்தி நாலாவது புள்ளையோட கோடு நெளியுது.

தலையச் சாச்சா கொஞ்சம் பரவால்ல. நேராப் பாத்தா நடுவுல எண்ணெக் கை பட்ட காகிதம் மாதிரி ஒரு மங்கல், வடை தின்னுட்டு எவனோ பெருவெரல வச்சு அமுக்கிட்டுப் போன மாதிரி, அந்த மங்கலுக்குள்ள போற எழுத்து திரும்பி வராது. ஆனா தலையச் சாச்சு கடைக்கண்ணால எட்டிப் பாத்தா எழுத்து ஓரமா வந்து நிக்கும், வெக்கப்படுற புள்ள கதவு மறைவுல நிக்கிற மாதிரி. அதப் புடிச்சுப் படிக்கணும். "என்ன டீச்சர், மூணு நாளா காக்கா மாதிரியே சாச்சுச் சாச்சுப் பாக்குறீங்க, புள்ளைங்க பேப்பருக்குள்ள வட எதுவும் வச்சு அனுப்பியிருக்காங்களா?" பக்கத்து சீட்டு மீரான் சாரு. ராஜபாளையத்துக்காரரு, வாயி சும்மா இருந்தா பல்லு வலிக்கும் அவருக்கு. "வட வச்சிருந்தா உங்க பக்கம் ஏன் சார் வரப்போகுது, நீங்கதான் பேப்பரப் பாக்காமயே மார்க் போடுறீங்களே"ன்னா ராஜகனி. அவரு சிரிச்சாரு. அவளும் சிரிச்சா. சொன்ன வார்த்த மட்டும் திரும்பி வந்து இவளையே குத்துச்சு, மீன் முள்ளு மாதிரி. பாக்காமயே மார்க் போடுறது. யாரு, அவரா. மீரான் சார் ஒவ்வொரு வரிக்கும் பேனாவக் கீழ வச்சு எடுக்கிற மனுஷன். ஏண்டி ராஜகனி, ஒன் அழுக்க அடுத்தவன் சட்டையிலயா தொடைக்கிற.

நேத்து மத்தியானம்தான் அவ ஒரு சட்டம் போட்டா, தனக்குத்தானே. மங்கலுக்குள்ள எது போனாலும் அதுக்கு முழு மார்க். கோர்ட்ல சந்தேகத்தோட பலன் குற்றவாளிக்குப் போகும்னு லா படிக்கிற மக சொல்லுவா, கொலகாரனுக்கே குடுக்குறாய்ங்க, பதினஞ்சு வயசுப் புள்ளைக்குக் குடுத்தா என்ன கொறஞ்சு போச்சு. கேள்வித்தாள் எடுத்த மகராசன் எங்க உக்காந்து எடுத்தானோ, அவன் வீட்டுப் புள்ளைக்கு அந்தக் கேள்வியக் குடுத்திருந்தா தெரியும், பாடத்துக்கு அடியில சின்ன எழுத்துல கெடந்ததக் கிண்டி எடுத்து ரெண்டு மார்க்குக் கேக்குறான், கொத்துப் புரோட்டாவுல ஏலக்கா தேடுற மாதிரி. அவனுக்கு இல்லாத வெக்கம் எனக்கெதுக்கு. அப்படித்தான் நேத்து நெனச்சா. நெனச்சு நெனச்சுப் போட்டா. ரெண்டுக்கு ரெண்டு, அஞ்சுக்கு அஞ்சு. ராத்திரி படுத்தப்ப வேற ஒண்ணு வந்துச்சு. மங்கலுக்குள்ள போனது தெரிஞ்சா முழு மார்க் போடலாம். போனதே தெரியலன்னா? ஒரு பதிலு அங்க இருந்துச்சுங்கிறதே தெரியலன்னா என்னத்தப் போடுவ? அந்த நெனப்ப அவ போர்வைக்கு வெளிய தள்ளிட்டு வலது பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. வலது பக்கம் படுத்தா வலது கண்ணு தலகாணியில அமுங்கி மூடிக்கும். மூடுன கண்ணு தப்பு பண்ணாது.

இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. கண்ணு தெரியலன்னு இங்க வாயத் தொறந்தா என்ன ஆகும்? மொதல்ல எண்பத்தி மூணு பேப்பரையும் திரும்ப எடுப்பாங்க. அப்புறம் யாரு பாக்குறதுன்னு சண்டை வரும். விளக்கம் எழுதிக் குடுங்கம்பாங்க. எழுதிக் குடுக்கணும், அதையும் தலையச் சாச்சுத்தான் எழுதணும். அந்தம்மா குருட்டுக் கண்ண வச்சுக்கிட்டு மூணு நாளா மார்க் போட்டிருக்குன்னு சாத்தூர்ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஸ்டாஃப் ரூமுக்கு ஸ்டாஃப் ரூம் டீயோட சேத்து ஆத்துவாங்க. அந்த வார்த்த. குருட்டுக் கண்ணு. அவ வாயில அது எத்தன தடவ வந்திருக்கு, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு, குருடா, போர்டப் பாத்து எழுதுடான்னு எத்தன புள்ளைகள வஞ்சிருக்கா. கடைசி பெஞ்சுல ஒருத்தன், முத்துக்கருப்பன்னு பேரு, போர்டப் பாத்து எழுதவே மாட்டான், பக்கத்துல இருக்கிறவன் நோட்டப் பாத்துத்தான் எழுதுவான், அவன் காதத் திருகித் திருகி இவ கை வலிச்சுச்சு. பள்ளிக்கூடத்துல கண்ணு முகாம் போட்டாங்கல்ல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு அவனுக்குப் போர்டே தெரியலன்னு. கண்ணாடி மாட்டிக்கிட்டு மரத்தப் பாத்து நின்னான். எல எலயா இருக்கு டீச்சர்னான். அதுவரைக்கும் மரம்னா பச்சையா ஒரு மொத்தைனு நெனச்சிருக்கான் பாவி. அவ அவன் காதத் தடவிக் குடுத்தா. வேற என்ன செய்ய.

அதே முகாம்லதான் அவளையும் உக்கார வச்சுட்டாங்க. டீச்சர் உங்களுக்கு சுகர் இருக்கான்னு கேட்டா அந்தப் பொண்ணு, நர்ஸோ என்னமோ, சின்னப் பொண்ணு, இருக்குன்னா, எத்தன வருஷமான்னா, பன்னெண்டுன்னா, கண்ணுக்கு உள்ள பாத்திருக்கீங்களான்னா. கண்ணுக்கு உள்ள என்ன இருக்கு பாக்கன்னு இவ திருப்பிக் கேட்டா, கேக்குறதுலதான் இவள மிஞ்ச ஆளு கெடையாதே. அந்தப் பொண்ணு கோவப்படல. கண்ணுக்குப் பின்னாடி ஒரு தெர மாதிரி இருக்கு டீச்சர், சினிமாக் கொட்டகைத் தெர மாதிரி, சுகர் இருந்தா அதுல இருக்கிற சின்னச் சின்ன ரத்தக் கொழா கசியும், கசியிறது மொதல்ல நமக்குத் தெரியாது, பார்வை நல்லாத்தான் இருக்கும், தெரிய ஆரம்பிக்கிறப்ப நெறையப் போயிருக்கும், அதான் வருஷத்துக்கு ஒருக்கா பாத்துரணும்னு சொல்லிட்டு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா. ரெட்டினா டாக்டர்கிட்ட காட்டவும்னு. அன்னைக்கு இவளுக்குப் பஞ்சாங்கத்துல இருக்கிற பொடி எழுத்து வரைக்கும் தெரிஞ்சுச்சு. நல்லாத் தெரியுற கண்ண எதுக்குக் காட்டணும். சீட்ட மடிச்சு அட்லஸுக்குள்ள வச்சா. ஆப்பிரிக்காவா ஐரோப்பாவா, எந்தப் பக்கம்னு ஞாபகம் இல்ல. ஞாபகம் இல்லாமலா இருக்கு, ஆஸ்திரேலியாவுல வச்சா, பத்தாங்கிளாஸுக்குத் தேவப்படாத பக்கமாப் பாத்து வச்சா. ஏன்னா அன்னைக்கு மத்தியானமே கணக்கு டீச்சர் சொல்லிட்டா, அங்க போனா கண்ணுக்குள்ள ஊசி போடுவாங்கக்கா, எங்க மாமாவுக்குப் போட்டாங்கன்னு. கண்ணுக்குள்ள. ஊசி. மாமாவுக்கு அதுக்கப்புறம் பார்வை தங்குச்சா போச்சான்னு இவ கேக்கவே இல்ல. கேட்டிருந்தா ஒரு வேள நல்ல பதிலா வந்திருக்கும். எல்லாத்தையும் கேக்குற வாயி அன்னைக்கு மட்டும் மூடிக்கிச்சு.

மக சிந்துஜா மதுரையில லா காலேஜ் படிக்கிறா. அவளுக்கு வாயி இவகிட்ட இருந்து வந்துச்சு, கோவம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல. போன மாசம் வீட்டுக்கு வந்தவ இவ ஊசியில நூல் கோக்குறதப் பாத்துட்டா. நாலு தடவ காத்துலயே கோத்தா. "அம்மா, ஊசி இங்க இருக்கு, நீ அங்க கோக்குற." "வெளிச்சம் பத்தலடி." "மணி பதினொண்ணு, ஜன்னல் கிட்ட உக்காந்திருக்க, இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா சூரியனத்தான் வாடகைக்கு எடுக்கணும்." அப்புறம் ஒரு மணி நேரம் பேசுனா, பேச்சா அது, வாதம், எதிர்க்கட்சி வக்கீலே இல்லாத கோர்ட்ல தனியா நின்னு வாதாடுனா, டெஸ்டுக்கு மூணு நாளைக்கு முன்னாடி இருந்து கேப்பக் களியும் வெண்டக்காயும் தின்னுட்டு ரத்தம் குடுத்து, நல்ல ரிப்போர்ட் வாங்கி ஃபைல்ல போட்டு வச்சிருக்கியே, யார ஏமாத்துற, பரீட்சைக்கு முன்னாடி மட்டும் படிக்கிற புள்ளையத் திட்டுவல்ல, நீ யாரு அப்போ, அப்படின்னா. கடைசியா சொன்னா: "நீ போகலன்னா நான் ஒம்மேல கேஸ் போடுவேன். ஒன் கண்ணு ஒனக்கு மட்டும் சொந்தமில்ல, அதுல எனக்கும் பங்கு இருக்கு." பத்து நாள்ல போறேன்னா ராஜகனி. பரீட்ச வந்துருச்சு, அப்புறம் முகாம் ஆர்டர் வந்துருச்சு. ஆர்டர் வந்தப்ப ஒரு நிம்மதி வந்துச்சு பாரு, அத வெளிய சொல்ல முடியாது.

ராஜகனியோட அப்பா மத்தியானத்துல லைட் போட்டாச்சான்னு கேப்பாரு. ரயில்வேல இருந்தவரு, ராத்திரியில அரை மைலுக்கு அங்கிட்டு இருக்கிற சிக்னல் செவப்பா பச்சையான்னு சொன்ன மனுஷன், அறுபத்தி நாலு வயசுல ஈசிச்சேர்ல உக்காந்துக்கிட்டு உச்சி வெயில்ல கேப்பாரு, லைட் போட்டாச்சாம்மான்னு. அப்ப எல்லாரும் வயசு வயசுன்னாங்க. வயசுன்னு சொல்லிட்டா யாரும் எதுவும் செய்ய வேண்டாம்ல. அவருக்கும் சுகர்தான், அவரு கண்ணுக்கு உள்ள பாருன்னு யாரும் ஒரு சீட்டு எழுதிக் குடுக்கல. இவளுக்குக் குடுத்தாங்க. ஆஸ்திரேலியாவுல இருக்கு. இவ கேப்பாளா நாளைக்கு, சிந்து லைட் போட்டியான்னு? கேட்டா அவ என்ன சொல்லுவா? இவ அப்பாகிட்ட சொன்னதத்தான் சொல்லுவா. இவ என்ன சொன்னா? போட்டாச்சுப்பான்னு சொன்னா. போய் சுவிட்ச அமுக்கி, சத்தம் கேக்கட்டும்னு அமுக்கி, போட்டாச்சுப்பான்னு சொன்னா. அவரு ம்னு சொல்லிட்டு அந்த வெளிச்சத்துல உக்காந்திருந்தாரு.

பக்கத்தத் திருப்பு ராஜகனி, பேனா காஞ்சு போச்சு. எண்பத்தி நாலாவது புள்ள எழுத்துக்குக் கால் மொளச்சிருக்கு, ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் ஓடுது. இதுங்க எழுத்து அவளுக்குப் புடிக்கும், எவ்வளவு திட்டினாலும் புடிக்கும். பேரும் கெடையாது ஊரும் கெடையாது, மேல இருக்கிற சீட்டக் கிழிச்சுட்டுத்தான் குடுப்பாங்க, ஆனா எழுத்தப் பாத்தா ஆளு தெரியும், இது பயந்தாங்கொள்ளி, இது வீட்டுல மூத்தது, இது கடைசி அர மணி நேரத்துல கை வலிச்சுக் கை வலிச்சு உதறி உதறி எழுதுனது. முப்பத்தோரு வருஷம் பாத்து அலுக்காத ஒண்ணு புள்ளைங்க தப்பு. ஆனா அவளுக்கு உயிரு மேப்புதான். இந்தியா மேப்ப போர்டப் பாக்காமயே போடுவா, க்ளாஸப் பாத்துக்கிட்டு நின்னு, கைய மட்டும் பின்னாடி விட்டு, சாக்பீஸ் கட்ச்ல ஆரம்பிச்சு ஒரே இழுப்புல கன்னியாகுமரி வந்து திரும்பி மேல ஏறி சுந்தரவனத்துல ஒரு குலுக்கு குலுக்கி நிக்கும். புள்ளைங்க கை தட்டும். பரீட்சையில கடைசிக் கேள்வி மேப்பு, எட்டு எடம், எட்டு மார்க். அந்தக் கேள்வி வந்தா அவளுக்குக் கண்ணு வலியே மறந்துரும், அங்க மட்டும் மங்கல் கம்மியா இருக்கு, ஆச்சரியம்தான், எழுத்தெல்லாம் கசங்குது ஆனா மேப்புல ஆரவல்லி தெரியுது, தார் தெரியுது, கரிசல் மண்ணு தெரியுது, மன்னார் வளைகுடா பளிச்சுனு தெரியுது. காலையில ஒரு புள்ள குறிச்சிருந்துச்சு பாரு. ஒவ்வொரு புள்ளியும் குண்டுமணி. பேப்பர் மொத்தம் சுமாரு, எழுத்தும் சுமாரு, ஆனா மேப்பு. எட்டுக்கு எட்டு. மீரான் சார், இப்படில்ல குறிக்கணும்னு கூடச் சொன்னா. அவரு கூட்டல் போட்டுக்கிட்டு இருந்ததால திரும்பிப் பாக்கல.

"டீச்சர், இது நீங்க காலையில திருத்துனதுதான?" சௌந்தரம் மேடம் வந்து நின்னாங்க. முதன்மைத் தேர்வாளர், ஒவ்வொருத்தர் கட்டுலயும் நாலஞ்சு பேப்பர உருவி சரியாத் திருத்தியிருக்கான்னு பாக்குறது அவங்க வேல. குரல ஒசத்த மாட்டாங்க, அதுதான் பயம். ராஜகனி தன்னோட கையெழுத்தத் தலையச் சாச்சுப் பாத்தா. "ஆமா மேடம். மொத்தம் முப்பத்தொம்பது போட்டேன். புள்ள பாஸு." "மேப்புக்கு எட்டு போட்டிருக்கீங்க." "ஆமா, நல்லாக் குறிச்சிருக்கு மேடம், நான் சார்கிட்ட கூடச் சொன்னேன்." மேடம் பேப்பரத் திருப்பி மேப்பு இருக்கிற பக்கத்த அவ முன்னாடி வச்சாங்க. "கொஞ்சம் பாருங்க." பாத்தா. அங்கதான் இருந்துச்சு எல்லாம். "என்ன மேடம் தப்பு? ஆரவல்லி இந்தா, சாய்வாப் போகுது. தார் இங்க. கண்ட்லா துறைமுகம், இந்தக் கட்ச்சுக்குள்ள. சோட்டா நாக்பூர் இந்தா." வெரல வச்சு வச்சுக் காட்டுனா, வேகமாக் காட்டுனா, சண்டைன்னு வந்தா அவளுக்கு மூச்சு சீராயிரும். "மன்னார் வளைகுடா, இதுல என்ன சந்தேகம் உங்களுக்கு? வேணும்னா மீரான் சாரக் கேளுங்க." மீரான் சாரு எட்டிப் பாத்தாரு. அவ அவரு ஏதாவது சொல்லுவாருன்னு காத்திருந்தா, ஒரு நக்கலு, ஒரு காக்கா, ஒரு வட. அவரு ஒண்ணுமே சொல்லல. "டீச்சர்"னாங்க மேடம், இப்ப குரல் இன்னும் கீழ போயிருந்துச்சு, "எங்க டீச்சர்?"

மீரான் சாரு பேசாம இருந்ததுதான் அவள முறிச்சது. அவ வலது கண்ண உள்ளங்கையால பொத்தினா. எடது கண்ணுலயும் கொசு பறக்குது, நூல் நூலா ஒண்ணு மேலயும் கீழயும் மெதக்குது, ஆனா அந்தக் கண்ணால தலையச் சாச்சு, ஓரமா, ஓரமா பாத்தா. கடற்கரைக் கோடு இருந்துச்சு. எல்லக் கோடு இருந்துச்சு. உள்ள ஒண்ணும் இல்ல. பேனா பட்ட தடமே இல்ல. ஆரவல்லி இல்ல, தார் இல்ல, கண்ட்லா இல்ல, வெள்ளையா, கழுவிக் காயப்போட்ட மாதிரி ஒரு இந்தியா. அந்தப் புள்ள மேப்பத் தொடவே இல்ல. குண்டுமணி குண்டுமணியா அவ பாத்தது யாரோட புள்ளி? முப்பத்தோரு வருஷமா அவ வச்ச புள்ளி. கண்ணு விட்டுட்டுப் போன எடத்துல மனசு சாக்பீஸ எடுத்துக்கிட்டு வந்து, க்ளாஸப் பாத்துக்கிட்டு நின்னு, போர்டப் பாக்காமயே போட்டிருக்கு. மங்கல் கம்மியா இருக்குன்னு நெனச்சியே ராஜகனி. தாராளமாப் போடுறோம்னு நெனச்சியே. நீ குடுக்கல. நீ பாத்த. இல்லாததப் பாத்திருக்க. அப்போ இருந்தத? எண்பத்தி மூணு பேப்பர்ல இருந்தத எதையெல்லாம் பாக்கல? அப்பா மத்தியானத்துல உக்காந்திருந்தாரே, அவருக்குள்ளயும் சிக்னல் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்குமோ, செவப்பும் பச்சையுமா, யாரும் இல்லாத தண்டவாளத்துல.

"தூக்கக் கலக்கம்"னாங்க மேடம் மெதுவா, சுத்தி இருக்கிறவங்களுக்குக் கேக்குற மாதிரி. "வெயிலு வேற. நான் அடிச்சு சைபர் போட்டுக்கிறேன். ஆனா எட்டு போனா முப்பத்தொண்ணு. புள்ள தவறிருது. முப்பத்தஞ்சுக்கு நாலு மார்க்குதான, வேற எங்கயாவது கெடக்குதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்." எப்பவும் அப்படித்தான், வாசல் வரைக்கும் வந்த புள்ளைய உள்ள இழுக்க எடமிருக்கான்னு ஒரு தடவ தேடுறது. கதவத் தொறந்து வச்சுக் காட்டுறாங்க மேடம், தூக்கக் கலக்கம், வா, இந்த வழியாப் போயிருன்னு. போயிரலாம். "சார், நீங்க வாசிங்க, நான் கேக்குறேன்"னா ராஜகனி. வாசிங்கன்னு அவ வாயில இருந்து வந்தப்ப மீரான் சாரு ஒரு தடவ அவ மூஞ்சியப் பாத்தாரு, அப்புறம் நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு, மொதல் பக்கத்துல இருந்து வாசிச்சாரு. அவ கண்ண மூடிக்கிட்டா. எவ்வளவு நாளாச்சு ஒரு பேப்பர நெளிவில்லாம கேட்டு. நாலு பக்கம் போயிருக்கும். "இது வேலூர்க் கலகம், அஞ்சு மார்க், நீங்க சைபர் போட்டிருக்கீங்க." "தலைப்பு மட்டும் எழுதிட்டு விட்டுருச்சு சார்." "இல்ல டீச்சர். தலைப்புக்குக் கீழ சின்னதா ஒண்ணு எழுதியிருக்கு." "என்னன்னு?" அவரு கொஞ்சம் தயங்கித்தான் வாசிச்சாரு. "அய்யா, அம்மா, எடம் விட மறந்துட்டேன், தயவுசெய்து கடைசிப் பக்கம் பார்க்கவும்."

மேப்புக்குப் பின்னாடி இருந்துச்சு அந்தப் பக்கம். மேப்பு வந்ததும் பேப்பர் முடிஞ்சுதுன்னு அவ மூடி வச்சுட்டா. மீரான் சாரு வாசிச்சாரு. சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை குடுத்தாங்க, அதுல தோல் வச்சிருந்துச்சு, நெத்தியில குறி வைக்கக் கூடாதுன்னாங்க, தாடிய எடுக்கச் சொன்னாங்க. சிப்பாய்கள் எங்களுக்கு இது வேண்டாம்னு மொதல்லயே மேல சொன்னாங்க. யாரும் காதுல வாங்கல. சொன்னவங்கள அடிச்சாங்க. அதனாலதான் கலகம் வந்துச்சு, திடீர்னு வரல. திடீர்னு வரலங்கிற வரிக்கு அடியில அந்தப் புள்ள கோடு போட்டிருக்காம். இவ்வளவையும் எழுதிட்டு, பாருங்க பாருங்கன்னு கெஞ்சிட்டு, வீட்டுக்குப் போயி வேப்பமரத்தடியில கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருக்கும், இல்ல தீப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கும், இங்க ஒருத்தி பாக்கலன்னு அதுக்கு எப்படித் தெரியும். "அஞ்சு போடலாம்"னாங்க மேடம். "அஞ்சுதான்"னா ராஜகனி. "முப்பத்தாறு. புள்ள தாண்டிருச்சு. முடிஞ்சுது டீச்சர், நீங்க ஒம்பதாவதப் பாருங்க." மேடம் ரெண்டடி நடந்துட்டாங்க. கதவு இன்னும் தொறந்துதான் இருந்துச்சு.

"முடியல மேடம்"னா ராஜகனி. "எனக்குக் கண்ணு தெரியல." சத்தமாச் சொல்லல, ஆனா ஹால்ல பேனா நிக்கிற சத்தம் கேட்டுச்சு, பேனா நிக்கிறதுக்கும் ஒரு சத்தம் உண்டு. "மூணு நாளாத் தெரியல. ரெண்டு வருஷமா மங்குது, நான் பேசாம இருந்தேன். எண்பத்தி மூணு பேப்பர் மேடம். எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும். கடைசிப் பக்கம் வரைக்கும் பாக்கணும்." மேடம் திரும்பி வந்தாங்க. "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? நான் மேல சொல்லியாகணும். நீங்க எழுதிக் குடுக்கணும்." "எழுதித் தாரேன். சார் வாசிச்சுக் காட்டட்டும், தப்பில்லாம இருக்கான்னு." மீரான் சாரு தொண்டையச் செருமினாரு. "எங்கிட்ட இருபது குடுங்க மேடம். எப்படியும் அஞ்சு மணி பஸ்ஸுல எனக்கு சீட்டு கெடைக்காது, ஏழு மணிக்குப் போறேன்." பின்னாடி பெஞ்சுல இருந்து ஒரு பொம்பளக் குரல், எங்கிட்ட பத்து குடுங்கன்னுச்சு. இன்னொருத்தரு, விதி என்ன சொல்லுதுன்னு ஆரம்பிச்சாரு, மீரான் சாரு அவரப் பாத்து, "விதிய அப்புறம் வாசிப்போம் சார், மொதல்ல பேப்பர வாசிப்போம்"னாரு. ராஜகனி சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டா. மூணு தடவ காத்துலயே போட்டா. நாலாவது தடவ மீரான் சாரு கைய நீட்டி மூடிய வாங்கி, மாட்டிக் குடுத்தாரு.

உள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு போன் எல்லாம் ஹாலு வாசல்ல அட்டப் பெட்டியில இருந்துச்சு. பட்டனத் தடவிப் பாத்துத்தான் அமுக்கினா. ரெண்டே ரிங்குல மக எடுத்துட்டா. "என்னம்மா, முகாம் நேரத்துல போன் பண்ற, யாரு மண்டைய ஒடச்ச?" "சிந்து, கேஸ் போட வேண்டாம். நானே வந்து ஆஜராயிடுறேன். நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போ. சீட்டு ஒண்ணு இருக்கு, அட்லஸுக்குள்ள, ஆஸ்திரேலியாவுல." அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுற சத்தம் மாதிரி ஒண்ணு, அப்புறம் கோவமா, ரொம்பக் கோவமா, "ஊசி போட்டா போட்டுக்குவியா?"ன்னா. "பயமா இருக்குடி." "பயப்படு. நான் கையப் புடிச்சுக்கிறேன். பயந்துக்கிட்டே போட்டுக்கோ. இருக்கிற பார்வையக் காப்பாத்திப்புடலாம்மா, போனது வருதோ வரலியோ, இருக்கிறதக் காப்பாத்திப்புடலாம், நான் எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன்." எப்ப விசாரிச்சா. எத்தன நாளா அதக் கையில வச்சுக்கிட்டு இவ கேக்கட்டும்னு இருந்தா. "இப்ப எங்க நிக்கிற?" "மாடி வராந்தாவுல." "எதுக்க என்ன இருக்கு? பாத்துச் சொல்லு. ஒனக்கு மனப்பாடமா இருக்கிறத ஒப்பிக்காத, கண்ணுல விழுறத மட்டும் சொல்லு." ராஜகனி மூணு நாளா அந்த வராந்தாவுலதான் டீ குடிச்சா. எதுக்க என்னென்ன இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவா. சொல்லல. நேராப் பாத்தா, தலையச் சாய்க்காம. "கொடிக்கம்பம் ஒண்ணு இருக்கு"ன்னா. "நடுவுல வளைஞ்சிருக்கு. வளைஞ்சிருக்காதுன்னு எனக்குத் தெரியும் சிந்து, ஆனா வளைஞ்சுதான் இருக்கு. அதுக்குப் பக்கத்துல பெருசா ஒரு வெள்ள. அங்க ஏதோ இருக்கணும். என்னன்னு தெரியல." "ம்"னா மக. "அப்புறம்?" ராஜகனி கைப்புடிச் சுவரப் புடிச்சுக்கிட்டு, அவசரமே இல்லாம, எது தெரியுது எது தெரியலன்னு ஒவ்வொண்ணாச் சொல்ல ஆரம்பிச்சா.